எழுதியாயிற்று என்னும் வாக்கு: தரவுத்தளமும் வட்டு வலையமைப்பும்

தோற்றுவாய்

வங்கியில் செலுத்திய பணமும், தேர்வில் பெற்ற மதிப்பெண்ணும், மருத்துவமனையில் குறிக்கப்பட்ட குருதி வகையும் இன்று தாளேட்டில் மட்டும் இருப்பனவல்ல. அவை கணிப்பொறியின் தரவுத்தளத்தில் பதிவாகின்றன. பதிவு முடிந்தவுடன் 'பதிவாயிற்று' என்னும் சொல் திரையில் தோன்றுகிறது. அச்சொல்லை நம்பியே நாம் வரிசையை விட்டு விலகி வீடு திரும்புகிறோம். அச்சொல்லுக்குப் பொறுப்பேற்று நிற்பது ஒரு வட்டு. அல்லது வலையமைப்பின் வழியே இணைக்கப்பட்ட பல வட்டுகள்.

அவ்வட்டுகள் மெதுவாகச் செயற்பட்டால் மக்கள் காத்திருக்க நேரும். அவற்றை விரைவுபடுத்தும் ஆர்வத்தில் முறை தவறினால், 'பதிவாயிற்று' என்னும் வாக்கே பொய்த்துப் போகும். ஆகவே, தரவுத்தளத்திற்காக வட்டுகளைச் சீர்செய்யும் பணி இரு கடமைகளை உடையது. காத்திருப்பு எங்கே பிறக்கிறது என்பதை அளந்தறிந்து குறைப்பது ஒன்று. எழுதியாயிற்று என்னும் வாக்கைக் காப்பது மற்றொன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986ஆம் ஆண்டு தொடங்கிய போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் வழிவந்ததும், இன்று உலகெங்கும் கட்டணமின்றிப் பயன்படுவதுமான போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்விரு கடமைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட்டின் இயல்பு

ஐபிஎம் நிறுவனம் 1956ஆம் ஆண்டு ராமாக் என்னும் கணிப்பொறியுடன் உலகின் முதல் வட்டுச் சேமிப்பகத்தை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் அதில் சுழன்றன. அது கொண்டிருந்தது 50 இலட்சம் எழுத்துகள். வேண்டிய இடத்தைத் தேடி அடைய அதற்குச் சராசரியாக ஏறத்தாழ 600 மில்லிநொடி ஆயிற்று. இன்றைய வட்டு ஒன்றின் கொள்ளளவு அதனைப் போலப் பல இலட்சம் மடங்காகும். ஆனால், தேடும் காலமோ ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காகவே குறைந்துள்ளது. கொள்ளளவு வளர்ந்த அளவிற்கு விரைவு வளரவில்லை என்னும் இவ்வுண்மையே இத்துறையின் சிக்கல்கள் பலவற்றுக்கும் வேராகும்.

நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டினை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி ஆகும். வேண்டிய பகுதி முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ 4 மில்லிநொடி வேண்டும். முனை உரிய தடத்திற்கு நகர்ந்து செல்ல மேலும் 8 மில்லிநொடி எனக் கொண்டால், ஒரு பணிக்கு 12 மில்லிநொடி ஆகிறது. எனவே, அங்குமிங்குமாகச் சிதறிய இடங்களைத் தேடும்போது அவ்வட்டு நொடிக்கு ஏறத்தாழ 80 பணிகளையே முடிக்கும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தன் தரவுகளை 8 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகப் பகுத்து வைக்கிறது. 80 பக்கங்கள் என்பன 640 கிலோபைட் ஆகும். அதே வட்டு தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 100 மெகாபைட்டுக்கும் மேல் தரவல்லது. சிதறிப் படிப்பதற்கும் தொடர்ந்து படிப்பதற்கும் இடையே நூற்றைம்பது மடங்கு வேறுபாடு இருத்தலை இதனால் அறியலாம். வட்டின் விற்பனைத் தாளில் அச்சிடப்படும் 'நொடிக்கு இத்தனை மெகாபைட்' என்னும் எண் தரவுத்தளத்திற்கு ஏன் பெரிதும் பயன்படுவதில்லை என்பதும் இங்கே விளங்கும். சுழலும் பகுதியே இல்லாத திண்மநிலை வட்டுகள் ஏறத்தாழ 100 மைக்ரோநொடியில் ஒரு பக்கத்தைப் படித்துத் தருகின்றன. அவற்றால் தேடும் காலம் சுருங்கியதே அன்றி, வரிசையும் வாக்கும் பற்றிய சிக்கல்கள் மறையவில்லை.

வலையமைப்பும் வரிசையும்

ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தனித்தனி வட்டு வைப்பதற்கு மாறாக, வட்டுகளை ஓரிடத்தில் அடுக்கி, அவற்றைப் பல கணிப்பொறிகளும் பகிர்ந்துகொள்ளுமாறு இணைப்பதே சேமிப்பக வலையமைப்பாகும். இதற்கென அமைந்த ஃபைபர் சேனல் என்னும் முறை 1994இல் அமெரிக்கத் தர நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றது. பொது வலையமைப்பின் வழியாகவே வட்டுக் கட்டளைகளை அனுப்பும் ஐ-ஸ்கசி முறையின் தர ஆவணம் 2004இல் வெளிவந்தது.

வலையமைப்பு வந்ததும் தொலைவு ஒரு காரணியாகிறது. கண்ணாடியிழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோநொடி ஆகும். ஒரே கட்டடத்திற்குள் இது பொருட்படுத்தத்தக்கதன்று. ஆனால், பேரிடர்க் காப்பின் பொருட்டு 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மற்றொரு நிலையத்திலும் எழுதி முடித்த பின்னரே மறுமொழி தருவது என்று அமைத்தால், ஒருமுறை சென்று திரும்புவதற்கே அரை மில்லிநொடி செலவாகும். எவ்வளவு பணம் கொடுத்துக் கருவி வாங்கினாலும் ஒளியை விரைவுபடுத்த இயலாது.

அடுத்தது வரிசை. கணிப்பொறி தன் கட்டளைகளை ஒவ்வொன்றாக அனுப்பிக் காத்திராமல், பலவற்றை ஒருசேர அனுப்பி வைக்கும். ஒரே வேளையில் எத்தனை கட்டளைகள் நிலுவையில் இருக்கலாம் என்பதே வரிசையின் ஆழம். இதனை விளக்கும் விதியொன்றை ஜான் லிட்டில் என்னும் அறிஞர் 1961இல் நிறுவினார். நிலுவையிலுள்ள பணிகளின் எண்ணிக்கை என்பது, நொடிக்கு முடியும் பணிகளையும் ஒரு பணிக்கு ஆகும் காலத்தையும் பெருக்கிவரும் தொகையாகும் என்பதே அவ்விதி.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒரு வட்டுத் தொகுதி நொடிக்கு 4,000 பணிகளை முடிக்கவல்லது எனக் கொள்வோம். வரிசை ஆழம் 32 ஆயின், ஒரு பணிக்கு 8 மில்லிநொடி ஆகும். வரிசையை 64 ஆக்கினால் என்ன நேரும்? தொகுதியின் ஆற்றல் ஏற்கெனவே முழுமையாகப் பயன்பட்டுவிட்டதால், முடியும் பணிகள் 4,000 ஆகவே நிற்கும்; காத்திருப்பு மட்டும் 16 மில்லிநொடியாக உயரும். மாறாக, தொகுதியின் ஆற்றல் எஞ்சியிருக்க, வரிசை மிகக் குறுகியதாக அமைந்திருப்பின், ஆழத்தைக் கூட்டுவதே தீர்வாகும். ஒரே மாற்றம் ஓரிடத்தில் மருந்தாகவும் மற்றோரிடத்தில் நோயாகவும் ஆவதை இதில் காண்கிறோம். அளவாமல் மாற்றுதல் கூடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பகிர்வினால் வரும் இடர் ஒன்றும் உண்டு. ஊதியக் கணக்கிடும் கணிப்பொறியும், படியெடுப்புப் பணி செய்யும் கணிப்பொறியும் தனித்தனி வட்டுகளைப் பெற்றிருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கலாம். உள்ளே அவை ஒரே வட்டுத் தொகுதியின் இரு கூறுகளாக இருக்கக்கூடும். அந்நிலையில் ஒன்றன் இரவுப் பணி மற்றொன்றைத் தடுமாறச் செய்யும். தரவுத்தளத்தை மட்டும் ஆராய்பவருக்கு இக்காரணம் புலப்படாது.

குறிப்பேடும் பேரேடும்

வட்டை நாடாமல் இருப்பதே வட்டு விரைவின் முதற்படி எனலாம். அடிக்கடி வேண்டப்படும் பக்கங்களை நினைவகத்தில் வைத்துக்கொண்டால் படிக்கும் பணி குறையும். ஐந்து நிமிடத்திற்குள் மீண்டும் வேண்டப்படும் பக்கத்தை நினைவகத்தில் வைத்திருப்பதே சிக்கனம் என்னும் 'ஐந்து நிமிட விதி'யினை ஜிம் கிரே, பிராங்கோ புட்ஸோலு ஆகிய இருவரும் 1987இல் வகுத்தனர். ஆனால், எழுதும் பணியை இவ்வாறு தவிர்க்க இயலாது. மின்சாரம் நின்றால் நினைவகத்தில் இருப்பவை அழியும். ஆதலின் பதிவு வட்டில் நிலைபெற்றே ஆதல் வேண்டும்.

இங்கே தரவுத்தளம் வணிகர்களின் பழைய வழக்கத்தையே பின்பற்றுகிறது. கடையில் நிகழும் கொடுக்கல் வாங்கலை வணிகர் முதலில் குறிப்பேட்டில் வரிசையாக எழுதுவர். பின்னர், ஓய்வு வாய்த்தபோது அவற்றைப் பேரேட்டில் உரியவர் கணக்கில் ஏற்றுவர். தரவுத்தளமும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் குறிப்பேட்டுக் கோப்பில் தொடர்ச்சியாக எழுதி, வட்டில் நிலைபெறச் செய்கிறது. அது முடிந்தவுடன் 'பதிவாயிற்று' எனப் பயனருக்கு அறிவிக்கிறது. பேரேடு போன்ற தரவுக் கோப்புகளில் உரிய பக்கங்களைப் பின்னர் மாற்றிக்கொள்கிறது. இடையே மின்சாரம் நின்றாலும், குறிப்பேட்டைப் படித்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ள இயலும்.

இவ்விரு எழுத்துகளும் இயல்பால் வேறானவை. குறிப்பேடு சிறியது, தொடர்ச்சியானது, ஆனால், ஒவ்வொரு முறையும் பயனர் அதன் முடிவுக்காகக் காத்திருக்கிறார். பேரேடு பெரியது, சிதறியது, ஆனால், அதற்காக எவரும் நேரடியாகக் காத்திருப்பதில்லை. எனவே, குறிப்பேட்டுக்குக் குறைந்த காத்திருப்பும், பேரேட்டுக்கு மிகுந்த பணியாற்றலும் வேண்டும். சுழலும் வட்டுகளில் இவ்விரண்டையும் தனித்தனி வட்டுகளில் வைப்பது நன்று. பேரேட்டில் ஏற்றும் பணி ஒரே நேரத்தில் குவிந்தால் குறிப்பேடும் தடைப்படும். அக்குவியலைக் காலம் முழுவதும் பரப்பிச் செய்யுமாறு கட்டளையிடும் அமைப்பின் இயல்பளவு, 2021இல் வெளிவந்த 14ஆம் பதிப்பில் 0.5இலிருந்து 0.9ஆக உயர்த்தப்பட்டது. அடுத்த ஏற்றத்திற்குள்ள கால இடைவெளியில் பத்தில் ஒன்பது பங்கு வரை பரப்பி எழுதுக என்பது இதன் பொருள்.

வட்டுகளை அணிசேர்த்தல்

பல வட்டுகளை இணைத்து ஒன்றுபோல் இயக்கும் ரெய்டு முறையினைப் பெர்க்கிலியைச் சார்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகியோர் 1988இல் வெளியிட்ட கட்டுரை பரவச் செய்தது. அதன் வகைகளுள் இரண்டு தரவுத்தளத்தார் அடிக்கடி ஒப்பிடுவன.

ரெய்டு 10 என்பது ஒவ்வொரு தரவையும் இரு வட்டுகளில் எழுதுவது. எட்டு வட்டுகள் இருப்பின் நான்கின் கொள்ளளவே பயன்படும். ரெய்டு 5 என்பது இழப்பீட்டுக் கணக்கு ஒன்றைச் சேர்த்து எழுதுவது. இதில் எட்டு வட்டுகளுள் ஏழின் கொள்ளளவு கிடைக்கும். இடத்தை மட்டும் நோக்கினால் பின்னதே இலாபம். ஆனால், ரெய்டு 5இல் சிறிதளவு எழுத வேண்டுமாயினும், பழைய தரவைப் படித்தல், பழைய இழப்பீட்டைப் படித்தல், புதிய தரவை எழுதுதல், புதிய இழப்பீட்டை எழுதுதல் என நான்கு பணிகள் நேரும். ரெய்டு 10இல் இரண்டே பணிகள். வட்டு ஒன்று நொடிக்கு 150 பணிகள் செய்யுமாயின், எட்டு வட்டுகளின் மொத்த ஆற்றல் 1,200. அதனைக் கொண்டு ரெய்டு 10 நொடிக்கு 600 முறை எழுதும். ரெய்டு 5 எழுதுவது 300 முறையே. எழுத்து மிகுந்த தரவுத்தளத்திற்குக் கொள்ளளவு பார்த்து வட்டு வாங்குவோர் ஏமாறுவது இவ்விடத்தில்தான்.

எல்லைப் பொருத்தம் என்பது இன்னொரு நுட்பம். பழைய முறையில் வட்டின் முதற் பகிர்வு 63ஆம் பிரிவில் தொடங்கியது. பிரிவு ஒன்றுக்கு 512 பைட் வீதம் அது 31.5 கிலோபைட்டில் அமையும். 64 கிலோபைட் துண்டுகளாகத் தரவைப் பல வட்டுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் அணியில், இதனால் எட்டுப் பக்கங்களுள் ஒன்று இரு வட்டுகளின் எல்லையில் விழும். அப்பக்கத்திற்கு ஒரு பணிக்கு இரு பணிகள் ஆகும். ஒரு செங்கல் கோணலாக வைத்ததால் சுவர் முழுதும் கோணலாவது போன்றது இது. விண்டோஸ் 2008 வழங்கி முதலாகப் பகிர்வு ஒரு மெகாபைட்டில் தொடங்குவது இயல்பமைப்பாயிற்று. எனினும், பழைய பகிர்வுகளை அப்படியே புதிய சேமிப்பகத்திற்குப் படியெடுத்துச் செல்லும் இடங்களில் இக்குறையும் உடன் செல்கிறது.

வாக்கும் வேகமும்

இனி இரண்டாம் கடமைக்கு வருவோம். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டு, நொடிக்கு 120 முறை சுழல்கிறது. குறிப்பேட்டின் அடுத்த பகுதியை எழுத அவ்விடம் மீண்டும் முனையின் கீழ் வருதல் வேண்டும். எனவே, ஒரே பயனர் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்யும்போது, நொடிக்கு ஏறத்தாழ 120 பதிவுகளே வட்டில் நிலைபெற இயலும். சோதனையில் அத்தகைய தனி வட்டு நொடிக்கு 3,000 பதிவுகள் எனக் காட்டுமாயின் மகிழ்ச்சியடைதல் கூடாது, ஐயுறவே வேண்டும். வட்டு தன் சிறு இடைநினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதாமலேயே 'எழுதியாயிற்று' என்று கூறுகிறது என்பதே அதன் பொருள். மின்சாரம் நிற்கும் நாளில்தான் அப்பொய் வெளிப்படும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் உடன் வழங்கப்படும் எஃப்சிங்க் சோதனைக் கருவி இதனை எளிதில் காட்டிக்கொடுக்கும்.

இடைநினைவகமே தவறு என்பதன்று. பெரிய சேமிப்பகங்களின் கட்டுப்பாட்டகத்தில் மின்கலத்தின் துணையோடு இயங்கும் இடைநினைவகம் உண்டு. மின்சாரம் நின்றாலும் அதிலுள்ளவை அழியா. எனவே, அது 'எழுதியாயிற்று' என்று விரைந்து கூறினாலும் அக்கூற்று மெய்யாகும். தரமான திண்மநிலை வட்டுகளில் மின்தேக்கிகள் இதே பணியைச் செய்கின்றன. மின்கலம் தேய்ந்துவிட்டால், நாணயமான கட்டுப்பாட்டகம் இடைநினைவகத்தை நம்பாமல் நேரே வட்டில் எழுதத் தொடங்கும். தரவுத்தளம் திடீரெனத் தளர்ந்துவிட்டதாகப் பயனர்கள் முறையிடுவர். அப்போது மின்கலத்தை மாற்றுவதே முறை. மின்கலம் இல்லாவிடினும் இடைநினைவகத்தைப் பயன்படுத்துக என்று கட்டளையிடும் வசதியும் பல கருவிகளில் உண்டு. அதனை அழுத்திவிட்டுச் சிக்கல் தீர்ந்தது என்பார், பிறர் கணக்கைப் பணயம் வைத்து வேகம் வாங்குபவர் ஆவர்.

தரவுத்தளத்திற்குள்ளும் இத்தகைய இரு திறவுகள் உள்ளன. எஃப்சிங்க் என்பதனை நிறுத்திவிட்டால், வட்டில் நிலைபெறும் வரை தரவுத்தளம் காத்திராது. மின்தடை நேருமாயின், தரவு முழுவதும் சீர்குலைந்து மீட்க இயலாமற் போகலாம். மற்றொன்று, பதிவின் முடிவுக்காகப் பயனரைக் காக்க வைக்காமல், குறிப்பேட்டைச் சிறிது பின்னர் எழுதும் முறை. இதில் இயல்பமைப்பின்படி இறுதி 0.6 நொடிக்குள் நடந்த பதிவுகள் இழக்கப்படலாம். ஆனால், எஞ்சிய தரவு குலையாது. இணையப் பக்கத்தைப் பார்வையிட்டோர் எண்ணிக்கை போன்றவற்றிற்கு இது போதுமானது; பணக் கணக்கிற்கு ஆகாது. முன்னது வாக்கை முறிப்பது. பின்னது வாக்கின் அளவை முன்கூட்டியே அறிவித்துக் குறைத்துக்கொள்வது. இவ்வேறுபாட்டை உணராமல் இரண்டையும் 'வேகத்திற்கான வழிகள்' என ஒரே பட்டியலில் எழுதுதல் தீங்கு பயக்கும்.

2018இல் வெளிப்பட்ட உண்மை

வாக்கு எத்துணை நுட்பமாகப் பொய்க்கக்கூடும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்றுண்டு. சேமிப்பகப் பிழை ஒன்றினால் தரவு சிதைந்ததை ஆராய்ந்த கிரெய்க் ரிங்கர் என்னும் வல்லுநர், 2018 மார்ச்சில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் உருவாக்குநர்களிடம் ஒரு செய்தியை முன்வைத்தார். வட்டில் எழுதுவதில் பிழை நேர்ந்தால் லினக்ஸ் அதனை எஃப்சிங்க் வாயிலாக ஒருமுறை அறிவிக்கும். அதன்பின், எழுதப்படாத பக்கத்தையும் எழுதப்பட்டதாகவே குறித்துக்கொள்ளும். தரவுத்தளம் மீண்டும் முயன்று எஃப்சிங்க் கேட்கும்போது 'வெற்றி' என்றே விடை வரும். அவ்விடையை நம்பித் தரவுத்தளம் குறிப்பேட்டின் பழைய பகுதியைத் தேவையற்றதெனக் கருதிவிடும். பேரேட்டிலும் இல்லை, குறிப்பேட்டிலும் இல்லை என்னும் நிலையில் தரவு மறைந்துபோகும்.

மீண்டும் முயன்றால் சரியாகிவிடும் என்று ஆண்டுகள் பலவாக எண்ணியிருந்த எண்ணம் பிழையென்று தெரிந்தது. 2019 பிப்ரவரி 14இல் வெளியிடப்பட்ட திருத்தப் பதிப்புகளில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தன் போக்கை மாற்றிக்கொண்டது. எஃப்சிங்க் பிழையுற்றால் அது மீண்டும் முயல்வதில்லை. தன்னைத் தானே நிறுத்திக்கொண்டு, குறிப்பேட்டிலிருந்து மீண்டெழுகிறது. பயனருக்குச் சிறிது இடையூறு நேரினும், பொய்யான பதிவு என்னும் பெருந்தீங்கு தவிர்க்கப்படுகிறது.

அளந்தறிதல்

சீர்செய்யும் பணியின் தொடக்கம் அளவீடு ஆகும். ஜென்ஸ் ஆக்ஸ்போ உருவாக்கிய எஃப்ஐஓ என்னும் கருவி கொண்டு 8 கிலோபைட் அளவில், சிதறிய முறையில், படித்தலும் எழுதுதலும் கலந்து சோதித்தால் வட்டின் மெய்யாற்றல் தெரியும். லினக்ஸின் ஐஓஸ்டாட் கட்டளை ஒரு பணிக்கு ஆகும் காத்திருப்பைக் காட்டும். சேமிப்பகத்தின் உள்ளே ஆகும் காலம் குறைவாகவும், கணிப்பொறியில் காணும் காலம் மிகுதியாகவும் இருப்பின், குறை வட்டில் இல்லை. இடைப்பட்ட வலையமைப்பிலோ வரிசையிலோ உள்ளது எனத் துணியலாம்.

சராசரியை மட்டும் நம்புதல் தவறு. நூறு பணிகளுள் 95 பணிகள் ஒரு மில்லிநொடியிலும், 5 பணிகள் 100 மில்லிநொடியிலும் முடிந்தால் சராசரி 6 மில்லிநொடி எனக் காணும். உண்மையில் எந்தப் பணிக்கும் 6 மில்லிநொடி ஆகவில்லை. முறையிடுவோர் அந்த ஐந்து பணிகளுக்கு உரியவர்களே. அவர்கள் குரல் சராசரியில் அமுங்கிவிடும்.

மாற்றங்களை ஒருவேளைக்கு ஒன்றாகவே செய்து, முன்னும் பின்னும் அளந்து, அளவை எழுதி வைத்தல் வேண்டும். ஐந்து மாற்றங்களை ஒருசேரச் செய்து விரைவு கூடிற்று என்பாருக்கு, அவற்றுள் எது பயன் தந்தது, எது தீங்கு செய்தது என்பது தெரியாது.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால், வட்டு விரைவு என்பது கருவியின் விலையால் மட்டும் அமைவதன்று என்பது பெறப்படும். நினைவகம், வரிசை, அணிசேர்க்கை, எல்லைப் பொருத்தம், தொலைவு ஆகியவற்றுள் காத்திருப்பு எங்கே பிறக்கிறது என்பதை அறிந்தவரே அதனை நீக்க வல்லவர். 'பதறாத காரியம் சிதறாது' என்னும் பழமொழி இப்பணிக்கு மிகவும் பொருந்தும்.

கணிப்பொறித் துறையில் பணியேற்கச் செல்லும் மாணவர்கள் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுதல் நலம். மெதுவாக இயங்கும் தரவுத்தளத்தைப் பற்றி மக்கள் அன்றே முறையிடுவர், குறையைத் திருத்திக்கொள்ளலாம். பொய்யாக விரைந்து இயங்கும் தரவுத்தளத்தைப் பற்றி மின்சாரம் நிற்கும் நாள் வரை எவரும் முறையிடார். அன்று முறையிட வருபவர், கட்டிய பணத்திற்குப் பதிவில்லாமல் நிற்கும் ஒருவராக இருப்பார். ஆகவே, புதிய சேமிப்பகம் ஒன்றைப் பொறுப்பேற்பவர் முதல் நாளில் கேட்க வேண்டிய கேள்வி, 'இது எவ்வளவு விரைவு?' என்பதன்று, 'இது எழுதியாயிற்று என்று சொன்னால் எழுதியிருக்குமா?' என்பதே ஆகும்.